ட்ரஃபிள் காளான்: ஹட்டனில் இருந்துகொண்டு எதை வாங்கலாம், எதை விடலாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ட்ரஃபிள் எண்ணெய்ப் போத்தலைத் தொடாதீங்க. கண்டியிலும் நுவரெலியாவிலும் வெளிநாட்டுச் சாமான் வைத்திருக்கிற கடைகளில் ஒலிவ் காய், பாஸ்தா எல்லாம் அடுக்கியிருக்கும் தட்டில் ஒரு ஓரமாக அது நிற்கும், சின்னப் போத்தல், லேபிளில் கறுப்புக் காளான் படம், விலையைப் பார்த்ததும் உள்ளே ஏதோ பெரிய சங்கதி இருக்கிறது என்று தோன்றும். எண்ணெய், போத்தலில் அடைத்த துண்டு, ஹோட்டல் பாஸ்தா, கடைசியாக பிரெஷ் ட்ரஃபிள் என்று எல்லாவற்றையும் சொந்தக் காசில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பிரெஷ் ட்ரஃபிள் சீசனில் கிடைத்தால் வாங்குங்க, ஆனால் தனியாக வாங்காமல் நாலு வீடு சேர்ந்து வாங்குங்க. போத்தல் துண்டு பரவாயில்லை. ஹோட்டல் சாப்பாடு கேள்வி கேட்டுவிட்டு ஓடர் பண்ண வேண்டிய விஷயம். எண்ணெய்க்குக் கொடுக்கிற காசுக்கு நல்ல பட்டரும் வெலிமடைக் கிழங்கும் வாங்கிக்கொண்டு போனால் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

ட்ரஃபிள் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம். மண்ணுக்குள்ளேயே பிறந்து மண்ணுக்குள்ளேயே முற்றுகிற காளான் அது. குடையும் இல்லை, தண்டும் இல்லை, கரடுமுரடான ஒரு உருண்டை. ஓக், ஹேசல் போன்ற மரங்களின் வேரைப் பின்னிக்கொண்டு வாழும், மரத்திடம் சர்க்கரையை வாங்கிக்கொண்டு மண்ணில் இருக்கிற நீரையும் சத்தையும் மரத்துக்கு எடுத்துக் கொடுக்கும். வெளியே முளைக்கிற காளான் தன் வித்துத்தூளைக் காற்றில் விட்டுவிடும். மண்ணுக்குள் கிடக்கிற இதற்கு அந்த வழி இல்லை, யாராவது தோண்டித் தின்று வேறொரு இடத்தில் போய்க் கழித்தால்தான் உண்டு. அந்த வாசனையெல்லாம் காட்டுப்பன்றியையும் எலியையும் கூப்பிடத்தான். நாம் நடுவில் புகுந்து கிராமுக்கு இவ்வளவு என்று விலை போட்டுவிட்டோம்.

ஐரோப்பாவில் முன்பு பன்றியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போய்த் தேடினார்கள். பன்றி கண்டுபிடிக்கும், ஆனால் விட்டால் அதுவே தின்றுவிடும், தோண்டுகிற வேகத்தில் வேரும் போய்விடும். இத்தாலியில் 1985-ல் அதைத் தடைசெய்துவிட்டார்கள், இப்போது பழக்கிய நாய்தான். அந்தத் தேடலையே 2021-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ட்ரஃபிளில் பல வகை இருக்கிறது, வாங்குகிறவர் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். வடஇத்தாலியின் அல்பா பெயரில் விலைபோகிற வெள்ளை, லத்தீன் பெயர் டூபர் மக்னாட்டம், ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. பிரான்ஸின் பெரிகோர் பெயரில் விலைபோகிற கறுப்பு, டூபர் மெலனோஸ்போரம், குளிர்காலத்துச் சரக்கு, இன்று கூடுதலாக விளைவது ஸ்பெயினின் தெருவெல் பக்கம். அப்புறம் கோடைக்கால ட்ரஃபிள், டூபர் எஸ்டிவம், வாசனையும் குறைவு, விலையும் குறைவு. கறுப்பை மரக்கன்று நட்டு வளர்க்கப் பழகிவிட்டார்கள். வெள்ளையை இன்னும் பெரும்பாலும் காட்டில்தான் தேடுகிறார்கள், அதனால்தான் அந்த விலை. 2007-ல் மக்காவ் சூதாட்ட விடுதிக்காரர் ஸ்டான்லி ஹோ ஏறக்குறைய 1.5 கிலோ எடையுள்ள ஒரே ஒரு வெள்ளை ட்ரஃபிளுக்கு ஏலத்தில் 3,30,000 டொலர் கொடுத்தார். அது சாப்பாட்டுக்குக் கொடுத்த காசு என்று நான் நம்பவில்லை.

இந்தப் பேச்சை எடுத்தால் நம்ம ஆட்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது, "நுவரெலியாக் குளிருக்கு இங்கேயே போடலாமே?" ஸ்ட்ரோபெரி வந்தது, லீக்ஸ் வந்தது, இது ஏன் வராது என்று. குளிர் மட்டும் போதாது. கறுப்பு ட்ரஃபிளுக்குச் சுண்ணாம்புக்கல் மண் வேண்டும், பிஎச் (மண்ணின் புளிப்பைக் காட்டுகிற அளவு, எண் குறைந்தால் புளிப்பு கூட) 7.5-க்கு மேலே, 8 பக்கம். நம்ம தேயிலை மண் 4.5-லிருந்து 5.5-க்குள், நல்ல புளிப்பு மண், தேயிலைக்கு அதுதான் பிடிக்கும். கவாத்து வெட்டுகிற நேரத்தில் மலையில் டொலமைட் என்கிற சுண்ணாம்புப் பொடி போடுவதைத் தோட்டத்தில் பிறந்த எல்லாரும் பார்த்திருப்பார்கள், அதைப் போட்டுமே மண் அந்த 5.5-ஐத் தாண்டக்கூடாது என்றுதான் கணக்கு. ட்ரஃபிளுக்கு ஏற்ற மாதிரி மண்ணை மாற்ற மலையையே சுண்ணாம்பில் முக்கவேண்டும். அதோடு அதற்கு வெயில் காய்கிற கோடையும் நல்ல குளிர்காலமும் மாறிமாறி வரவேண்டும், நம்ம பக்கம் இருப்பது வருசம் பூரா ஒரே தூவானம். ஆகவே இது இறக்குமதிச் சாமான், அவ்வளவுதான். 2022-ல் பால்மாவுக்கே வரிசையில் நின்ற நாட்டில் இதைப் பற்றி ரிவியூ எழுதுகிறேன் என்பது எனக்கும் தெரிகிறது. சரி, தொடருவோம்.

எண்ணெய். 55 மில்லிப் போத்தல், நான் வாங்கியபோது 4,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. மூடியைத் திறந்ததும் குசினிக்கு வெளியே இருந்து அம்மா கேட்டார், "டேய், கேஸை ஒழுங்கா மூடினியா?" இதைவிடச் சுருக்கமாக அந்த எண்ணெயை யாரும் விமர்சிக்க முடியாது. லேபிளின் பின்பக்கத்தைப் படித்தால் விஷயம் புரியும். சூரியகாந்தி அல்லது ஒலிவ் எண்ணெய், அதற்குப் பிறகு "வாசனை" என்று ஒரு சொல். பெரும்பாலான ட்ரஃபிள் எண்ணெய்களில் அந்த வாசனை 2,4-டைதயாபென்டேன் என்கிற கந்தகச் சேர்மம், ஆய்வுகூடத்தில் செய்தது. அது வெள்ளை ட்ரஃபிளிலும் இயற்கையாகவே இருக்கிறதுதான், ஆனால் உண்மையான ட்ரஃபிளில் அதோடு சேர்ந்து இன்னும் எத்தனையோ வாசனைகள் இருக்கும், மெல்லியதும் கனத்ததும் கலந்து, நேரம் போகப்போக மாறிக்கொண்டே. போத்தலில் அந்த ஒன்றை மட்டும் பிடித்து உச்சத்தில் அலற விட்டிருக்கிறார்கள். கடை விற்கிற பொருளில் பொய் இல்லை, லேபிளில் சட்டப்படி எழுதித்தான் இருக்கிறது, அதை வாசிக்கிற பழக்கம் நமக்குத்தான் இல்லை.

சுவை? நூடுல்ஸில் ரெண்டு சொட்டு விட்டேன், முட்டையில் விட்டேன், பொரித்த கிழங்கில் விட்டேன். எதில் விட்டாலும் ஒரே சாப்பாடுதான் வந்தது. அதோடு முடியவில்லை, அடுத்த நாள் காலையில் பிளேன்டீ குடிக்கும்போதும் ஏப்பத்தில் அது வந்து நின்றது. பொரித்த கிழங்கில் ஒரு சொட்டு மட்டும் விட்டால் சிலருக்குப் பிடிக்கும், தம்பி மகனுக்குப் பிடித்தது, போத்தலை அவனிடமே கொடுத்துவிட்டேன். ட்ரஃபிள் மயோ, ட்ரஃபிள் சிப்ஸ், ட்ரஃபிள் உப்பு என்று வருவதெல்லாமும் அநேகமாக இதே சங்கதிதான். உப்பில் மட்டும் சில வகைகளில் உண்மையான உலர்ந்த துண்டு கறுப்புப் புள்ளியாகத் தெரியும், இருந்தாலும் பெரும்பாலும் மணக்கிறது அந்தத் துண்டு இல்லை.

போத்தலில் அடைத்த துண்டுகளுக்கு நான் கொஞ்சம் ஆதரவு. 80 கிராம் போத்தல், 7,500 ரூபாய் பக்கம், கொழும்பில் வாங்கிவந்தது. எண்ணெயில் ஊறிய மெல்லிய வட்டத் துண்டுகள், உள்ளே மண்நிறம், வெளித்தோல் கறுப்பு, கடித்தால் ஒரு சின்ன நொறுக்கு இருக்கும். இது பெரும்பாலும் கோடைக்கால ட்ரஃபிள்தான், விலையே அதைச் சொல்லிவிடும். கருவியில் சூடாக்கி அடைப்பதால் வாசனையில் பெரும்பகுதி போய்விடுகிறது, அதனால் சில கம்பனிகள் இதிலும் அந்த "வாசனை"யைச் சேர்க்கின்றன. சேர்க்காத போத்தல் ஒன்று கிடைத்தது, பொருட்பட்டியலில் ட்ரஃபிள், எண்ணெய், உப்பு, மூன்றே சாமான். வாசனை மெல்லிசுதான், ஆனால் பொய்யில்லாத மெல்லிசு. பட்டரில் நசுக்கிக் கலந்து ஃபிரிட்ஜில் ஒரு இரவு வைத்துவிட்டு, வெலிமடைக் கிழங்கை அவித்துச் சூட்டோடு மசித்து அந்தப் பட்டரைப் போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா ரெண்டாவது முறை தட்டை நீட்டினார், என்ன போட்டிருக்கிறது என்று கேட்கவே இல்லை. திறந்த பிறகு ஒரு வாரம்தான் தாங்கும் என்பதைக் கவனத்தில் வையுங்க. மிச்சம் பிடித்து வைக்கிற பொருள் இல்லை இது, எங்க வீட்டு வழக்கப்படி விருந்தாளிக்கு என்று ஒளித்துவைத்தால் பூஞ்சணம்தான் விருந்தாளி.

இனி ஹோட்டல். நுவரெலியாவில் ஒன்று, பெயர் வேண்டாம், ஏப்ரல் சீசனில் வாசலில் கார் நிற்க இடம் இருக்காது. மெனுவில் "கறுப்பு ட்ரஃபிள் கிரீம் பாஸ்தா", 5,800 ரூபாய். கொண்டுவந்து வைத்த தம்பியிடம் கேட்டேன், பேச்சிலேயே தலவாக்கலைப் பக்கத்துப் பையன் என்று தெரிந்தது. "தம்பி, ட்ரஃபிள் பிரெஷ்ஷா?" சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இல்லண்ணே, போத்தல்ல வர்றதுதான். மேல கொஞ்சம் ஒயில் விடுவாங்க." தட்டில் எண்ணி மூன்று துண்டு, மிச்சமெல்லாம் பட்டன் காளானும் கிரீமும். மெனு விலைக்கு மேல் 10 வீதம் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 18 வீதம் வற், எல்லாம் சேர்த்து 7,500-ஐத் தாண்டியது. அந்தக் காசுக்கு மேலே சொன்ன போத்தலே வந்துவிடும், நாலு குடும்பம் சாப்பிடலாம். கிரீம் நன்றாக இருந்தது, பாஸ்தாவும் வேகவேண்டிய அளவுக்குத்தான் வெந்திருந்தது, சமையல்காரர் கைகாரர். மெனு எழுதினவர்தான் ஆசைக்காரர்.

ஹோட்டலில் சாப்பிட ஆசை இருந்தால் ஓடர் கொடுக்கும் முன் இதைக் கேளுங்க: மேசைக்குக் கொண்டுவந்து சீவுவீங்களா, எத்தனை கிராம், எந்த நாட்டுச் சரக்கு? உண்மையில் பிரெஷ் வைத்திருக்கிற இடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சந்தோஷப்படும், காட்டிக்கூட விடுவார்கள். மழுப்புகிற இடத்தில் கோழி சாப்பிடுங்க.

பிரெஷ்ஷுக்கு வருகிறேன், இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் மச்சான் கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் இருக்கிறான், பொகவந்தலாவைப் பையன், பாத்திரம் கழுவப் போய் இப்போது சோஸ் செக்ஷனில் நிற்கிறான். அவன்தான் சொன்னான், ஐரோப்பியச் சரக்குக்கு டிசம்பர், ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம், ஜூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை அவுஸ்திரேலியாவிலிருந்து வருகிறது என்று. அங்கே அப்போதுதான் குளிர்காலம். பிரான்ஸின் அதே கறுப்பு வகையை ஓக், ஹேசல் கன்றின் வேரில் ஏற்றி அங்கே நட்டார்கள், 1999-ல் தஸ்மானியாவில் முதல் ட்ரஃபிள் கிடைத்தது, இன்று மேற்கு அவுஸ்திரேலியாவின் மஞ்ஜிமப் பக்கம் பெருந்தோட்டமாகவே செய்கிறார்கள். நமக்கு தூரமும் குறைவு, நாளும் குறைவு. ட்ரஃபிளில் நாள்தான் எல்லாம். மண்ணிலிருந்து எடுத்த அன்றிலிருந்தே வாசனை கரைய ஆரம்பிக்கிறது, ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள், அதற்குப் பிறகு நீங்கள் வைத்திருப்பது ஒரு கறுப்பு உருண்டை. ஈரமும் போய்க்கொண்டே இருப்பதால் எடையும் குறையும், அதாவது ஃபிரிட்ஜில் வைத்து நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காசு ஆவியாகிக்கொண்டிருக்கும்.

இறக்குமதியாளரிடம் சில்லறையாக வாங்கமுடியாது, ஹோட்டல் ஓடரோடு சேர்த்து மச்சான் சொல்லிவைத்தான். 25 கிராம், தேசிக்காய் அளவில் ஒன்று, கிராமுக்கு 800 ரூபாய் என்று 20,000. 2024-ல் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவருக்கு ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்க, நான் அம்மாவுக்குப் போட்டுக் காட்டவில்லை. நாலு வீட்டில் பிரித்தோம், அப்படியும் எங்கள் பங்கு ஒரு மாதத்துக் கரண்ட் பில்லைத் தாண்டியது.

வந்த விதத்தைச் சொல்லவேண்டும். டிஷ்யூவில் சுற்றி, மூடி இறுக்கமான கண்ணாடிப் போத்தலில், அந்தப் போத்தல் ஐஸ் பையோடு ஒரு ரெஜிபோம் பெட்டியில். மச்சான் லீவில் வரும்போது கொழும்பு - ஹட்டன் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். அத்தனை மூடியும் தாண்டி வாசனை வந்ததாம், கினிகத்தேனை ஏற்றத்தில் முன்சீட்டு அம்மா திரும்பித்திரும்பிப் பார்த்தாராம், "தம்பி, பையில என்ன கெட்டுப்போச்சு?" என்று கடைசியில் கேட்டும்விட்டாராம்.

கையில் எடுத்தால் தோல் முழுக்கச் சின்னச்சின்னக் கோபுரம் மாதிரி முடிச்சுகள், நகத்தால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். மண் கொஞ்சம் ஒட்டியிருந்தது, பழைய பல்துலக்கியால் தண்ணீரில் லேசாகத் தேய்த்து உடனே துடைத்தோம், ஊறவிடக்கூடாது. குறுக்கே வெட்டினால் உள்ளே கறுப்புக்கும் ஊதாவுக்கும் நடுவில் ஒரு நிறம், அதில் வெள்ளை நரம்புகள் நெளிந்து நெளிந்து ஓடும், காற்றுப் பட்டால் அந்த வெள்ளை மெல்ல மங்கும். வாசனை என்று எதைச் சொல்வது? முதலில் மழை நின்ற பிறகு காட்டுக்குள் போனால் வருகிற ஈர மண். அதற்குப் பின்னால் கொக்கோ, கொஞ்சம் வெள்ளைப்பூண்டு. இன்னும் கிட்ட முகர்ந்தால், கிரகரி வாவிக் கரையில் அவித்த சோளம் விற்கிறவர் பானையைத் திறக்கும்போது வருமே, அது. இது என் கற்பனை இல்லை. கறுப்பு ட்ரஃபிளின் வாசனையில் முக்கியமான ஒன்று டைமெத்தில் சல்ஃபைட், அவித்த சோளத்தில் மணப்பதும் அதுதான். பன்றியும் நாயும் மண்ணுக்கு மேலிருந்தே பிடிப்பதும் அதைத்தான் என்று பிரான்ஸில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

மச்சான் வந்த அன்று சமைக்கவில்லை. போத்தலுக்குள் ட்ரஃபிளோடு நாலு பச்சை முட்டையை ஓட்டோடு வைத்து மூடி ஃபிரிட்ஜில் வைத்தான். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, மஞ்சள் கருவில் கொழுப்பு இருக்கிறது, வாசனை உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். காலையில் அந்த முட்டையை உப்பும் பட்டரும் மட்டும் போட்டுக் கிளறினோம், ட்ரஃபிளையே போடாமல், அதில் வாசனை இருந்தது. காசு கொடுத்ததில் பாதிக்கு மேல் அங்கேயே வந்துவிட்டது என்று எனக்கு. சிலர் அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்வார்கள், செய்யாதீங்க, அரிசி ஈரத்தை உறிஞ்சி ட்ரஃபிளைக் காயவைத்துவிடும். டிஷ்யூவைத் தினமும் மாற்றினால் போதும்.

இரவில் உருளைக்கிழங்கு. அவித்து, தோலை உரித்து, சட்டியில் பட்டரை உருக்கி லேசாகப் பிரட்டி இறக்கிய பிறகுதான் மேலே சீவினோம். கறுப்பு ட்ரஃபிள் இளஞ்சூட்டைத் தாங்கும், கொதியைத் தாங்காது, வெள்ளை என்றால் அந்த இளஞ்சூடும் வேண்டாம், பச்சையாகச் சீவவேண்டும். சீவுவதற்கென்று தனிக் கருவி விற்கிறார்கள், அதற்கும் காசு கொடுக்கவேண்டாம், மண்டோலின் என்கிற காய் சீவுகிற பலகை இருந்தால் ஆகக் குறைந்த கனத்தில் வைத்துச் சீவுங்க, கரட் தோல் சீவுகிற கத்தியில் துண்டு தடித்துவிடும். கிழங்கின் சூட்டில் துண்டுகள் வியர்த்து ஒட்டிக்கொள்ளும், அந்த நேரத்தில் முகத்தைத் தட்டுக்குக் கிட்டக் கொண்டுபோங்க. வாயில் தனித் துண்டாகப் போட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை, கொஞ்சம் மரத்தூள், கொஞ்சம் பாதாம். மூக்கில்தான் எல்லாம் நடக்கிறது. தடிமன் பிடித்திருக்கிற வாரத்தில் வாங்கினால் 20,000 ரூபாய் தண்ணீரில் போன மாதிரி.

ஆக நன்றாக வந்தது நான் எதிர்பார்க்காத ஒன்றில்: கோதுமை ரொட்டி. நம்ம வீட்டு ரொட்டிதான், தேங்காய் போடாமல், தாச்சியில் அங்கங்கே கறுக்கும்வரை சுட்டு, சூட்டோடு உப்பில்லாத பட்டர் தாராளமாகத் தடவி, மேலே சீவிய ட்ரஃபிள், ரெண்டு கல்லு உப்பு, மடித்துக் கையால் சாப்பிட்டோம். கருகின மாவும் பட்டரும் அந்த மண்வாசனையும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து நின்றன. மாஜரினில் ஒரு ரொட்டி செய்து பார்த்தோம், வீண். பாற்சோற்றிலும் சீவிப் பார்த்தோம், தேங்காய்ப்பால் வாசனை முன்னால் வந்து இதை ஒடுக்கிவிட்டது. மிளகாய், கறிவேப்பிலை, மாசி போட்ட எதற்கும் கிட்டக் கொண்டுபோகாதீங்க, கட்டச்சம்பலோடு மோதினால் சம்பல்தான் ஜெயிக்கும், அது நியாயமும்கூட.

அம்மா ரெண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா பசிக்குச் சாப்பிடுற சாமான் இல்ல" என்றார். சித்தியின் கதை வேறு. அவர் நிறைய காலம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவர், ட்ரஃபிளைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுவா? இதைத்தானே நான் வாளிவாளியாக் கழுவினேன்" என்று சொன்னார், எல்லாரும் சிரித்தோம். அவர் சொல்வது பாலைவன ட்ரஃபிள், அங்கே ஃபகா என்பார்கள். மழை பெய்த வருசத்தில் குளிர்காலக் கடைசியில் பாலைவனத்து மணலில் வெடிப்பு விட்டுக் காட்டிக்கொடுக்கும், சின்னப் புதர்ச்செடி வேரோடு சேர்ந்து வளரும், மரம் தேவையில்லை. இனம் வேறு, டெர்ஃபேசியா, டிர்மேனியா என்று. வெளுத்த நிறம், வாசனை ரொம்ப மெல்லிசு, கிழங்கு மாதிரி வெட்டிச் சோற்றோடும் இறைச்சியோடும் சமைப்பார்கள். "மணலைக் கழுவிக் கழுவிக் கை வெந்துபோகும், ஒரு துண்டில ஒரு மணல் கடிபட்டா மேடத்துக்கு மூஞ்சி மாறிடும்" என்றார் சித்தி. அவருக்கு ஃபகா போட்ட சோறுதான் இதைவிட நல்ல சாப்பாடு. வாசனைக்கு இது, வாய்க்கு அது என்று நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன், ஏற்கவில்லை. கொழும்பில் குவைத் ஃபகா டின்னில் வந்தால் சொல்லச்சொல்லியிருக்கிறார்.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சீனாவிலிருந்து வருகிற டூபர் இண்டிகம் என்றொரு வகை இருக்கிறது, வெளியே பார்க்கக் கறுப்பு ட்ரஃபிளேதான், வெட்டினாலும் பழக்கமில்லாத கண்ணுக்குத் தெரியாது, வாசனை மட்டும் ரொம்பக் குறைவு. அது கெட்ட பொருள் இல்லை, மெலனோஸ்போரம் விலையில் விற்றால்தான் கெட்ட பொருள். பில்லில் லத்தீன் பெயர் எழுதச்சொல்லுங்க, எடுத்த திகதியைக் கேளுங்க, போத்தலைத் திறந்து முகர்ந்துவிட்டுக் காசு கொடுங்க. முகர விடாதவரிடம் வாங்கவேண்டாம். அமுக்கினால் இறுக்கமாக இருக்கவேண்டும், பந்து போல அமுங்கினால் நாள் போய்விட்டது.

ஆளுக்கு 5 கிராமுக்குக் குறைத்தால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது, 10 கிராமுக்கு மேல் போவது வீண் பகட்டு. இந்த ஜூலைக்கு மச்சானிடம் 40 கிராம் சொல்லிவைத்திருக்கிறோம், அதில் 5 கிராம் பங்குக்கு இன்னும் ஆள் தேவை. ரொட்டி எங்க வீட்டில், பட்டர் நீங்கள் கொண்டுவரவேண்டும்.